ஜாஸிம் எடுத்த வீடியோ

குளச்சல்

அன்புத் தங்கை ஜஸீனாவுக்கு, ராத்தா ஃபாஸிலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்பின் கிருபையால் உம்மாவும் நானும் பிள்ளை ஜாஸிமும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ. பாவா மாமா மகன் அமீன் லண்டன் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது.

உம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கால் புண் ஆறிவருகிறது, கவலைப்படாதே.

நோன்பு மாதத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நீ பாடம் எடுக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் உன் இங்கிலீஷை உன் குரலிலேயே திருப்பிச் சொல்லிச் சிரிப்பதையும், நீ முகம் கழுவிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவதையும் சொன்னாய். அன்று உம்மா நோன்பு திறந்தும் கஞ்சி குடிக்கவில்லை. வெள்ளைக்காரிகளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று நான் ஏசினேன். ஜாஸிமும் கூட இருந்து, "சாச்சி, அவனுவள சும்மா விடாதீங்க" என்றான்.

பத்து நாளுக்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவன் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் மாதம்மாள் டீச்சர் தர்மபுரிப் பக்கத்துப் பெண். உன்னைவிடச் சின்னவள். முதல் வேலையே இங்கேதான். அவள் "அதுக்கோசரம்" என்று பேசுவது இவர்களுக்கு வேடிக்கை. கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பூனை மாதிரிக் கத்துவார்களாம். ஒரு நாள் அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா கண்ணு, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டு அழுதிருக்கிறாள். அதை ஒருவன் போனில் பிடித்து, பாட்டுச் சேர்த்து, எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். தர்மபுரியில் அவள் அப்பாவின் போன்வரைக்கும் போய்விட்டது.

எடுத்தது நம் ஜாஸிம்.

அடித்தேன் ஜஸீனா. "எல்லாவனும்தான் கத்தினானுவ உம்மா, நான் எடுக்க மட்டுந்தான் செய்தேன்" என்றான். "சாச்சிக்குச் செய்தவனும் அங்க இதத்தாம்லே சொல்லுவான்" என்றேன்.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அவள் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னை உள்ளே வரச் சொன்னாள். பின்னால் நின்ற அவனைப் பார்த்ததும், "அவன் வேண்டாங்க. இப்ப அவன் முகத்தப் பாக்க முடியலீங்க" என்றாள். அவன் படிக்கட்டிலேயே நின்றான்.

மன்னிப்புக் கேட்டேன். "எங்க வீட்ல மொதமொத கவர்மென்ட் வேலைக்கு வந்தவ நாந்தாங்க. எங்கப்பா என்னை டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவாரு. நேத்து போன்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டு, வேலைய விட்டுட்டு வந்துடும்மாங்கறாரு" என்றாள்.

வரும் வழியெல்லாம் ஜாஸிம் விம்மிக்கொண்டே வந்தான். நான் அவனைத் தேற்றவில்லை.

டீச்சர் வேலையை விடவில்லை, திங்கட்கிழமை வந்துவிட்டாள். ஜாஸிமை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நேற்றுதான் போனான். திரும்பி வந்து சோறு வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டேன். "டீச்சர் இப்ப போர்டுக்குத் திரும்புகதில்ல உம்மா. எங்களப் பாத்துக்கிட்டே பக்கத்துல கைய நீட்டி எழுதுகாவ. எழுத்தெல்லாம் சரிஞ்சு போவுது. யாரும் சத்தம் போடல்ல, எண்ணாலும் டீச்சர் திரும்பல்ல" என்றான்.

ஜஸீனா, நீ அங்கே போர்டில் எப்படி எழுதுகிறாய்? போனில் கேட்டால் சுகம் ராத்தா என்றுதான் சொல்வாய். அதனால் கேட்காமல் இருக்கிறேன். உம்மாவிடம் மறைத்தாலும் என்னிடம் மறைக்காதே.

தொழுதுவிட்டு உன் பேரோடு அந்த டீச்சர் பேரையும் சேர்த்து துஆ கேட்கிறேன். அந்த ஊரில் ஒருத்தியாவது தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வரவேண்டும் என்றும் கேட்கிறேன். அப்படி வந்தால், உனக்கு மனசு வந்தால் மட்டும் கதவைத் திற மக்கா.

உன் ராத்தா,
ஃபாஸிலா