மூன்றாவது தந்திதான் நிஜம்

இயேசு மரி சூசை

காரைக்கால்
2-9-79

அன்புள்ள மகன் ஞானத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை அமலராணியும் அவள் பிள்ளைகளும் சுகம், குவைத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்பது உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கிறது, சாப்பிடாமல் கிடக்கிறாய் போலிருக்கிறது. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பத்து நாளைக்குள் மூன்று தந்தி வந்தது, முதலில் அப்பா காலமானார் என்று, மறுநாள் அப்பா நலம் என்று, அப்புறம் மறுபடி காலமானார் என்று, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். மூன்றாவதுதானப்பா நிஜம். ஆகஸ்டு பதினோராம் தேதி சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அப்பா போய்விட்டார். மூன்றாவது தந்தியைப் பழைய தந்திதான் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சீட்டாடப் போய்விட்டேன் என்று எழுதி, நான் ஒரு மகனா என்று நாலு தடவை கேட்டிருக்கிறாய். போனது நிஜமென்றால் கடைசியில் அப்பா என்னைக் கேட்டாரா, அதை மட்டும் மறைக்காமல் எழுது என்கிறாய். எழுதுகிறேன், ஆனால் வரிசையாகத்தான் எழுத வரும் எனக்கு. நடுவில் சிரித்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. இழவு வீட்டில் சிரித்தவள் என்று ஏற்கனவே தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது.

இரண்டாம் தேதி வியாழக்கிழமை அப்பாவுக்கு மூச்சு இழுத்தது உண்மை. அமலராணி பயந்துபோய்ப் பங்குச் சாமியாரை அழைத்து வந்தாள், அவர் கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார், கூட நம் கோயில்பிள்ளை சூசைமுத்துவும் எண்ணெய்ச் சிமிழைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்தபோது உச்சிவேளை. பன்னிரண்டு மணிக்கு ஜெப மணி அடிக்க வேண்டுமல்லவா, சாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்பா மேல் கையை வைத்தபடியே சூசைமுத்துவிடம், நேரமாயிடுச்சு, போய் மணி அடிப்பா என்றார். அப்பாவும் அந்தச் சமயம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சூசைமுத்து ஓ என்று அழுதுகொண்டே ஓடிப்போய்த் துக்க மணியை அடித்துவிட்டான். அதுவும் ஆண்பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி விட்டுவிட்டு, கணக்காக.

அந்தச் சத்தத்துக்கு அப்பா கண்ணைத் திறந்தார். யாருக்கும்மா துக்க மணி என்றார். நான் அமலராணியைப் பார்க்கிறேன், அமலராணி சாமியாரைப் பார்க்கிறாள், சாமியார் கூரையைப் பார்க்கிறார். அப்பா எழுந்து உட்கார்ந்து, என் சட்டைய எடுங்க, யாரு வீடா இருந்தாலும் போயிட்டு வந்துருவோம், நாம போகாத சாவு இந்த ஊர்ல ஏது என்றார். உங்களுக்குத்தாங்க என்று நான் சொன்னேன், எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அப்பா முப்பத்தோரு வருஷம் மேரி ஆபீசில் ஊராரின் பிறப்பையும் இறப்பையும் முனிசிபல் ஏட்டில் எழுதின மனுஷர் அல்லவா, டாக்டர் காயிதம் இல்ல, ரெண்டு சாட்சி கையெழுத்து இல்ல, இது எப்படிச் செல்லும் என்று கேட்டுவிட்டுக் கஞ்சி கொண்டுவரச் சொன்னார்.

அதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. பக்கத்துக் கடை சேக் அலாவுதீன் பாய் பாவம், உதவி செய்கிறேன் என்று மணி கேட்ட கையோடு சைக்கிளை மிதித்துப் போய் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கமே வந்தார். வந்தால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். பாய் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் திரும்பவும் ஓடிப்போய் பாதர் அலைவ் பெல் மிஸ்டேக் என்று இரண்டாவது தந்தி கொடுத்தாரே, அதைப் படித்துவிட்டுத் தபாலாபீஸ்காரர், என்ன பாய் இது என்று இரண்டு தடவை கேட்டாராம். மாலை வாங்கி வந்தவர்களுக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அப்பாதான், வாங்கினது வாங்கியாச்சு, சுரூபத்துக்குப் போடுங்க என்று எல்லாவற்றையும் மாதாவுக்குப் போடவைத்தார். அன்றைக்கு மாதா முகமே தெரியவில்லை.

பூவத்திலிருந்து உன் அத்தை இருதயமேரி வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கூத்து. தெருமுனையிலேயே இறங்கித் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தபடி வருகிறாள். அப்பா என் கையைப் பிடித்து, சொல்லாதீங்க, என்னா சொல்றான்னு கேப்போம் என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். அப்பனில்லாத எங்கள அப்பனாட்டம் வளத்தியே, உனக்கொரு நல்ல வேட்டி எடுக்காம எங்களுக்குப் பட்டெடுத்தியே என்று அவள் அடுக்கிக்கொண்டே போகிறாள், துண்டுக்குக் கீழே அப்பா தாடை ஆடுகிறது. பதினாறு வயசுல கட்டிக் குடுத்துட்டு அன்னக்கி நீ அழுதியே என்று அவள் சொன்னதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. துண்டை எடுத்து, பதினேழு முடிஞ்சு மூணு மாசம், பதிவு இருக்கு என்றார். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து அவர் முதுகில் இரண்டு குத்து விட்டு, காலைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை ஞானம். பத்தொன்பது வயதில் தகப்பனை மண்ணில் வைத்துவிட்டு இரண்டு தங்கை ஒரு தம்பியைக் கரையேற்றின மனுஷர். முப்பத்துமூன்று வயதில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார், வரும்போது தங்கைகளின் பிள்ளைகள் நாலு பேரை இடுப்பிலும் கையிலுமாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டாந்தாரத்துக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டேன். கலியாணத்துக்கு அப்புறமும் என்ன, ஆபீஸ் விட்டதும் தம்பி வீடு, தங்கை வீடு எல்லாம் சுற்றி, எல்லாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பார். நானும் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது சாயந்திரமானால் தம்பி வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக இங்கே வந்து, பெரியம்மா சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போகின்றன.

தப்பு மணிக்கு அப்புறம் அந்த ஒன்பது நாள் அப்பாவைப் போல் சந்தோஷமாக இருந்தவர் இந்த ஊரில் யாருமில்லை. தன் சாவுக்கு வந்தவர்களை ஒரு நோட்டில் எழுதினார், அறுபத்துமூன்று பேர். வராதவர்களுக்குத் தனிப் பக்கம். உன் சின்ன மாமா விஷயம் தெரிந்து மூன்றாம் நாள் நலம் விசாரிக்க வந்தார், வியாழக்கிழமை ஏன் வரலங்க என்று அப்பா முகத்தைச் சுளிக்காமல் கேட்டதும் மாமாவுக்கு வியர்த்துவிட்டது. சூசைமுத்து ஒளிந்து ஒளிந்து போனான், அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நல்லாத்தான் அடிச்ச, ஆனா நடுவுல ஒரு மணி விட்டுப்போச்சு என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினார்.

நிஜமாகவே போனபோது என்ன ஆயிற்று என்று கேள். காலையில் காபி குடித்தார், இன்னும் அரை டம்ளர் குடுங்க என்றார். கொண்டுவந்தால் தலை சாய்ந்திருக்கிறது. ஆளைப் பாரு, நடிக்காதீங்க, ஆறிப்போவுது என்று நானே திட்டினேன். இரண்டு தடவை திட்டினேன். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை, மற்றதெல்லாம் சிரித்துவிடலாம். சூசைமுத்து நேரில் வந்து தொட்டுப் பார்க்காமல் மணி அடிக்க மாட்டேன் என்றுவிட்டான். அடித்த பிறகும் ஒரு மணி நேரம் ஒரு ஆள் வரவில்லை, சூசைமுத்துக்கு வேற வேலையில்ல என்று தெருவே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாத்தீங்களா, ஒருத்தரும் வரல என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், எது சிரிப்பு எது அழுகை என்று தெரியவில்லை. அலாவுதீன் பாய் மூக்கில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் தபாலாபீசுக்குப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் ட்ரூ என்று ஒரு வார்த்தை சேர்த்தாராம், நீ அதையும் நம்பவில்லை. உன்மேல் தப்பில்லை. பக்கத்தில் இருந்த நானே நம்பவில்லையே.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் தந்தி வந்ததும் நீ ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கே விடுமுறையில் கிளம்பின நீலமேகத்தின் கையில் கொடுத்தாயே, ஒருவேளை அப்பா இருந்தால் அதை அவர் கண்ணில் காட்டாமல் கிழித்துப் போடு என்று இப்போது எழுதியிருக்கிறாய். தாமதமப்பா. நீலமேகம் விமானத்தில் இருந்தபோது இரண்டாவது தந்தி வந்திருக்கிறது, அவனுக்கு எங்கே தெரியும். விமானம் இறங்கி ரயில் மாறி மாறி எட்டாம் தேதி சாயந்திரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான், கதவைத் திறந்ததே அப்பாதான். அவன் கையிலிருந்த பேரீச்சம்பழ டப்பா கீழே விழுந்து நசுங்கியது. கடிதத்தை நான்தான் பிரித்தேன், இரண்டு வரி படித்ததும் மடித்துவிட்டேன். என்ன எழுதியிருக்கான் என்றார் அப்பா. நீங்க செத்துப்போனதுக்கு எழுதியிருக்கான் என்றேன். அப்ப எனக்குத்தானே, குடுங்க என்று கையை நீட்டினார்.

ஆறு வருஷமாக நீ எனக்கு எழுதுகிற கடிதத்தில் அவருக்கு ஒரே வரிதான், அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும். நான் படித்துக் காட்டுவேன், அவரும் ம் என்பார், அவ்வளவுதான் உங்கள் இருவரின் பேச்சு. இது எட்டுப் பக்கம், எல்லாம் அவரைப் பற்றி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆபீசில் வைத்திருந்த சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். புயல் வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது பூவத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தோளில் சுமந்தார் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதன் பக்கத்தில், பாதி வழிதான், மீதி மாட்டுவண்டி என்று எழுதினார். உன் பிறந்த நாழிகையைத் திருத்தினார். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்து போட்டார். அந்த எட்டுப் பக்கத்தையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார், சனிக்கிழமை நான்தான் எடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை ஞானம், உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ஏழு பக்கத்தை நானே வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தை மட்டும் உனக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமை கிளம்புகிற நெய்னா முகம்மது கையில்தான் கொடுக்கிறேன், தபாலை நம்பவில்லை. ஒருமுறையாவது இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கலாம், இனி அப்பாவுக்குத் தெரியவே போவதில்லை என்று முடித்திருந்தாய். அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார், படிக்கிற மாதிரி மெல்லிய கோடு. அவர் ஆபீஸ் ஏட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்தால் ஓரத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுபடியாகும். அதேபோல் ஓரத்தில் எழுதியிருக்கிறார், ஒரு வரி அடித்தது, செல்லாது, தெரியும் என்று. கீழே முழுக் கையெழுத்து, சவரிநாதன், 8-8-79.

முப்பதாம் நாள் பூசை வருகிற திங்கட்கிழமை பத்தாம் தேதி, நீயும் அங்கே கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்று. முதலில் சாப்பிடு. டிசம்பரில் லீவு தருவார்களா என்று கேட்டு எழுது. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், சம்மனசுகள் துணையிருக்கட்டும். இனி உன் கடிதத்தில் என்னை விசாரித்ததாக ஒரு வரியில் முடிக்காதே, எனக்கும் எட்டுப் பக்கம் வேண்டும், நான் இருக்கும்போதே.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் அம்மா
ச. சகாயம்மாள்