தங்கை ஆடியதை எழுதிய கிராணி

என் ஆசை அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் பங்குனித் திருவிழா நேற்று முடிந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததும் அப்பா என்னைத் தலைமுழுகினார். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் நான் ஆடிய எந்த மேடைக்கும் வந்ததுமில்லை. எங்கள் கம்பெனி கப்பலேறி மலாயாவின் கோத்தா திங்கிக்கு வந்தபோது, அங்கே ரப்பர் தோட்டத்தில் நீங்கள் கணக்கெழுதும் கிராணி என்பதும், சிங்கப்பூர்ப் பத்திரிகைக்குக் கோயில் செய்திகள் எழுதுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் உங்கள் தங்கை என்பதுதான் அங்கே ஒருவருக்கும் தெரியாது. குறத்தி வேடத்தில் மேடைக்கு வந்தால், முன்வரிசையில் நீங்கள். எப்படி ஆடி முடித்தேனோ?

அப்போதெல்லாம் திருவிழாச் செய்தி என்றால் உபயகாரர் யார், மாலை போட்டவர் யார் என்றுதான் வரும். ஆடியவர்கள் ‘நாடகக் கோஷ்டியார்’ என்பதற்குள் அடங்கிவிடுவார்கள். நீங்கள் எழுதியதை எங்கள் ஆர்மோனியக்காரர் சத்தமாகப் படித்தார். குறத்தி கூடையோடு மலையேறிய நடை, தமிழ் தெரியாத பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் எழுந்து நின்று பார்த்தது, மிருதங்கக்காரர் பெயர், ஆர்மோனியக்காரர் பெயர், பிறகு என் பெயர். அதன் கீழே, ‘இவர் என் உடன்பிறந்த தங்கை.’ படித்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் பாட்டில் நான் தாளம் தவறியதையும் விடாமல் எழுதியிருந்தீர்கள். நேரே உங்கள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன்.

“கூடப்பொறந்தவளுக்குமா கொறை எழுதுவீங்க?”

“அத மறைச்சா, நீ நல்லா ஆடுனதயும் யாரும் நம்ப மாட்டாங்க ரங்கம்” என்று சொல்லிச் சோறு போட்டீர்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கோயில் தலைவர் வந்துவிட்டார்.

“கிராணியாரே, சாமி காரியத்த எழுதச் சொன்னா, கூத்தாடுறவள எழுதியிருக்கீங்களே?”

“அவ என் தங்கச்சி. நல்லா ஆடுனா. எழுதுனேன்.”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. கோயில் கமிட்டியிலிருந்து உங்களை எடுத்துவிட்டார்கள். அதற்கும் நீங்கள் அசையவில்லை. கரகம் எடுத்தவர், பொய்க்கால் குதிரை ஆடியவர், தோட்டம் தோட்டமாகத் தப்படித்தவர் என்று எல்லோரையும் பெயர் சொல்லி எழுதினீர்கள். தங்கள் பெயரை அச்சில் பார்க்க அவர்கள் அடுத்த தோட்டத்திலிருந்து நடந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நேற்று நான் ஆடி முடித்ததும் அந்தத் தலைவரே மேடையேறினார். உபயகாரர்களை வாசிக்கும் முன் கலைஞர்களை ஒவ்வொருவராக வாசித்தார். என் முறை வந்தபோது தாளைத் தாழ்த்திவிட்டு, “இது நம்ம கிராணியார் தங்கச்சி” என்றார். கூட்டம் கைதட்டியது. கும்பிட மறந்து நிமிர்ந்து நின்றேன், அண்ணா. அந்தக் கைதட்டல் யாருக்கென்று எனக்குத் தெரியாதா?

நேற்றைய விழாவைப் பத்திரிகைக்கு எழுத ஆளில்லை. நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து கோணல், பரவாயில்லை. யோங் பெங்கிலிருந்து வந்த கரகக்காரியைப் பற்றி எழுதிவிட்டேன். அவளுக்குப் பம்பை அடித்தவர் பெயர் மட்டும் தெரியவில்லை. காலையில் அவர் தங்கியிருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் போய் அவரையே கேட்டு எழுதிய பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
ரங்கம்