இருபத்துநாலடிப் பெட்டி

அக்டோபர் 9
பழைய லாரியின் எஞ்சின் இனித் தேறாதாம். புதிதாகத்தான் கட்டச் சொல்ல வேண்டும். கணவன் மெர்லைக் கூட்டிக்கொண்டு லைமாவுக்குப் போனேன். லாரி கட்டித்தரும் கர்ட் கோடு போட்டுக் காட்டினார். மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. சீட்டுக்குப் பின்னால் தூங்கும் அறையை எவ்வளவு நீட்டுகிறோமோ, அவ்வளவு சரக்குப் பெட்டியில் குறையும்.

நான் ஒன்பதடி அறையும் இருபதடிப் பெட்டியும் கேட்டேன். இரண்டு பேர் படுக்கும் கட்டில், சின்னக் கழிப்பறை, மெர்லின் ஆக்சிஜன் மெஷினுக்கு மின்சாரம். நுரையீரல் இப்படி இருக்கையில் ஓட்டக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். கூட வரக் கூடாது என்றா சொன்னார்?

"அறை அஞ்சடி போதும். பெட்டியை இருபத்துநாலடியாப் போடு, கர்ட்" என்றான் மெர்ல்.

"அஞ்சடியில ரெண்டு பேர் எப்படிடா படுக்கிறது?"

சிரித்தான். 

அக்டோபர் 11
இரண்டு நாளாகச் சண்டை. "இருபதடிப் பெட்டியை வெச்சுக்கிட்டு நீ பார்த்துக்கிட்டே இருப்ப, நல்ல சரக்கை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்கிறான். கார் ஆலை ஒன்று நின்றுவிடக் கூடாது என்று ஒரே ஒரு அட்டைப்பெட்டி போல்ட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு டெக்சாஸிலிருந்து மிச்சிகனுக்குப் பறந்தவர்கள் நாங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்க, பாதி வாழ்க்கை அப்படியே போனது. அப்போதெல்லாம் இவன் பெட்டியின் அளவைப் பற்றிப் பேசியதே இல்லை.

கடைசியில், "சரி, உன் வீட்டையே கட்டிக்கோ" என்றான். ஒன்பதடி என்று கர்ட்டிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 27
கர்ட் போன் செய்தார். "அறையை அஞ்சடியா மாத்தினீங்களே, பெயிண்ட் அதே வெள்ளைதானே?"

மாற்றியது யார்? மெர்ல்தான். எனக்குத் தெரியாமல்.

சமையலறையில் பட்டாணி சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தான். "நீ இல்லாத மாதிரியே ஒரு லாரி கட்டச் சொல்லியிருக்க!" என்று கத்தினேன்.

ஸ்பூனைக் கீழே வைத்தான். "நான் இருக்க மாட்டேன், லவோன். கிறிஸ்துமஸைத் தாண்டினா அதிசயம்னு டாக்டர் சொன்னப்போ நீயும்தானே அங்க இருந்த? காலிக் கட்டிலை இழுத்துக்கிட்டு ஊர் ஊரா அலையப் போறியா? பெட்டி பெருசா இருந்தா உன் ஒருத்தி சம்பாத்தியத்துல பொழைச்சுக்குவ."

அவன் சொன்னது எல்லாமே சரி. அதுதான் — அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 28
மறுபடி மாற்றச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். அவன் விருப்பப்படியே இருக்கட்டும்.

அவன் சாவதற்கு நானும் சரி என்று சொல்லிவிட்டேனோ?

டிசம்பர் 26
கிறிஸ்துமஸைத் தாண்டிவிட்டான். ஹாம் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

மார்ச் 4
லாரி வந்தது. மூக்கில் குழாயோடு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "பலமா இருக்கு." பிறகு இருவரும் அறைக்குள் எட்டிப் பார்த்தோம். ஒற்றைக் கட்டில். அவன் மெஷினைச் செருக இடமே இல்லை.

"நான் இந்நேரம் போயிருக்கணும். கணக்கு தப்பாப் போச்சு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 19, நெப்ராஸ்கா
நாத்தனார் இர்மா வந்து மெர்லுக்குத் துணையாக இருக்கிறாள். நான் சாலையில். வேறு வழி? லாரி ஓடினால்தான் மருந்து.

இன்று போனில், மூச்சு வாங்க வாங்க, என்ன சாப்பிட்டாய், அங்கே பனி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டான். அப்புறம், "நானும் வந்திருக்கலாம் போல" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

நாலடி. அந்த நாலடி இருந்திருந்தால் என் முதுகுக்குப் பின்னால் படுத்திருப்பான். இருபத்துநாலடிப் பெட்டியில் இன்று பாதிகூட நிறையவில்லை.

ஏப்ரல் 11, லூயிவில்
கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கையில் தூக்குகிற சின்ன மெஷின், உபரியாகச் சில பேட்டரிகள், இரண்டு கம்பளி. "வழியில ஏதாவது ஆச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்று இர்மா வாசலில் நின்று கத்தினாள். "பக்கத்துல இருப்பேன்" என்றேன்.

மத்தியானம் கிடங்கில் சரக்கு இறக்க நேரமானது. மழை. மெர்ல் ஒற்றைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தான். நான் சீட்டைத் திருப்பி அவன் காலை மடியில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது கால்.

"பிரேக் போடும்போது ஒரு சத்தம் வருது. கர்ட்டைப் பார்க்கச் சொல்லு."

"சொல்றேன்."

"லவோன். இருபதடியே போட்டிருக்கலாம்."

"வாயை மூடிட்டுத் தூங்கு" என்றேன். தூங்கினான். இறக்கி முடித்து ஆள் வந்து கதவைத் தட்டிய பிறகும், கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று கைகாட்டி உட்கார்ந்திருந்தேன்.

மே 2
காலையில் போய்விட்டான். வீட்டில்தான். பக்கத்தில்தான் இருந்தேன்.

மே 29
சரக்கு ஒதுக்கும் டோன்யா கூப்பிட்டாள். "டெட்ராய்ட்டுக்கு ஒண்ணு இருக்கு. பெட்டி முழுக்கச் சரக்கு. நிக்காம ஓடணும். ஜோடியா ஓட்டுறீங்களா, ஒத்தையாவா?"

இவ்வளவு நாளும் "மெர்ல் லீவுல இருக்கான்" என்றுதான் சொல்லிவந்தேன். அவளும் மேலே எதுவும் கேட்கமாட்டாள்.

"ஒத்தைதான்" என்றேன்.

அவள் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்போ இது வேணாம். நாளைக்கு எவன்ஸ்வில்லிலிருந்து ஒண்ணு வரும். நடுவுல நிறுத்தித் தூங்கிட்டுப் போற மாதிரி நேரம் இருக்கு. எடுத்துக்கிறியா?"

எடுத்துக்கொண்டேன்.