ரொட்டி வேன் வீட்டுக்காரனுக்கு

அண்ணே,

என் வீட்டு ரம்புத்தான் மரம் உன் கயிற்றைத் தின்றுவிட்டது. பொய்யில்லை. போன வாரம் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு, நீ கட்டிவிட்டுப் போன அந்த நீல நைலான் கயிற்றை வெட்டி எறிந்தே தீருவது என்று மரத்தடிக்குப் போனேன். பார்த்தால், பட்டை இரண்டு பக்கமும் உதடு மாதிரி வளர்ந்து கயிற்றைக் கவ்விக்கொண்டிருக்கிறது. முடிச்சு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, உன் மூக்கு மாதிரியே. கயிற்றை எடுக்க வேண்டுமானால் மரத்தையே வெட்ட வேண்டும். கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலியோரம் நின்று உன்னைத் திட்டினேன். ஜொகூர் வரைக்கும் கேட்டிருக்கும். உனக்குக் கேட்டிருக்காது. உயிரோடு இருந்தபோதே என் பேச்சு ஏறாத காது உன்னுடையது.

மலாக்காவில் பத்து பெரண்டாம் பக்கம் நீ. ஆயர் குரோவில் நான். நடுவில் உள்ள சிவப்பு விளக்கையெல்லாம் சேர்த்தாலும் இருபது நிமிடப் பயணம். இந்த இருபது நிமிடத்துக்காக, கட்டில், தலையணை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை அத்தனையும் ஏற்றிக்கொண்டு, பெண்டாட்டியோடு புறப்பட்டு வந்து தம்பி வீட்டு வேலிக்குள் கூடாரம் அடித்த அண்ணன் பூமியில் வேறு யாராவது உண்டா? ஏழு கடல் தாண்டி வந்தவன்கூட உள்ளே வந்து படுப்பான். நீ மரத்துக்கும் வேனுக்கும் கயிறு கட்டி, தார்ப்பாயை விரித்து, மலாக்கா மாநிலத்தில் பாதிக்கு நிழல் கொடுத்துவிட்டு, அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைப்பாய்.

அந்த வேனைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் ரொட்டிக் கம்பெனியில் ஓட்டினாய். நீ கடைசியாக ஓட்டிய வேனைக் கம்பெனி கழித்துக் கட்டப் பார்த்தபோது நீயே வாங்கிக்கொண்டாய். ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டாய். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டினாய். அண்ணி பழைய சேலைகளைத் திரையாகத் தைத்தார். பின்கதவை மட்டும் நீ தொடவே இல்லை. "ரொட்டித் தட்டு ஏத்த வச்ச கதவுடா. மனுசன் கொஞ்சம் குனிஞ்சா என்ன கொறஞ்சிட போறான்" என்றாய்.

ஓட்டவும் மாட்டேன் என்றுவிட்டாய். ஐம்பது தாண்டிய அண்ணியை லைசன்ஸ் எடுக்க வைத்தாய். மகாராணி ஸ்டியரிங் பிடிக்க, மகாராஜா பக்கத்து சீட்டில் கச்சான் கடலை உரித்தபடி நகர்வலம். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை இந்தப் பவனி. முதலில் என் வீடு, அடுத்தது ஜாசின் பக்கம் எஸ்டேட்டில் நம் அக்கா வீடு, கடைசியில் தஞ்சோங் பிடாரா கடற்கரை. நானும் என் மனைவியும் காரில் பின்னாலேயே வருவோம், பரிவாரம் போல.

வேனை எத்தனை முறை கழுவினாலும், சாம்பிராணி போட்டாலும், அந்தத் தேங்காய் பன் வாசனை போனதா? அக்கா வீட்டு லயத்தில் முதல் தடவை நீ ஹார்ன் அடித்ததும், அந்த வரிசை வீடுகளே காசோடு ஓடி வந்தன.

"கயா பன் இருக்காண்ணே?"

"இல்லம்மா. நான் எங்க அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன்."

"வாசன வருதேண்ணே. நேத்து ரொட்டியா இருந்தாலும் பரவால்ல லா, குடுங்க."

அடுத்த பயணத்திலிருந்து அண்ணி இரண்டு பெரிய பை நிறைய பன் வாங்கி ஏற்றிக்கொண்டு போய், லயம் முழுக்கச் சும்மா கொடுத்தார். நீ வேன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, சக்கரவர்த்தி தானம் செய்வது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உன் தலை அந்தக் கதவுக்குள் நுழையாமல் போயிருக்கும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நீ வருகிறாய் என்றால் என் மனைவி நடு அறையில் புது விரிப்புப் போட்டு, காற்றாடியைத் துடைத்து வைப்பாள். நீ வாசற்படியில் நின்று, வீடு வாங்க வந்தவன் மாதிரி அறையை எட்டிப் பார்த்து, "நல்லாருக்கும்மா ரூமு" என்று தலையாட்டிவிட்டு வேனுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாய். குளிக்க என் வீடு வேண்டும். மீன் குழம்புக்கு என் வீடு வேண்டும். படுக்க மட்டும் வேண்டாம். உன் குறட்டைக்கு ஆயர் குரோ மிருகக்காட்சி சாலைப் புலிகள் பதில் குரல் கொடுக்கும். தெரு முழுக்கத் தெரியும், இன்னாருடைய அண்ணன் வெளியே படுத்திருக்கிறான் என்று.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து, என்னைத் தாண்டிப் போய், உன் கையில் கொடுத்தார். திரும்பும்போது என்னைப் பார்த்து "காசியான்" என்றார். பாவமாம். கூடப் பிறந்தவனை வெளியே துரத்திவிட்டு மெத்தையில் படுக்கிற பாதகன் நான் என்று அவர் கணக்கு. நீயாவது மறுத்துச் சொன்னாயா? முகத்தை அநாதை மாதிரி வைத்துக்கொண்டு இரண்டாவது பலகாரத்தை எடுத்தாய்.

அன்றுதான் சபதம் போட்டேன். நீ என் வீட்டில் ஒரு ராத்திரி படுக்கிறவரைக்கும் உன் வேனில் என் கால் படாது என்று.

தஞ்சோங் பிடாராவில் அந்தச் சபதத்துக்குச் சோதனை வந்தது. சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கடலே எழுந்து வந்து மேலே விழுந்த மாதிரி மழை. அண்ணியும் என் மனைவியும் வேனுக்குள் ஓடிவிட்டார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன். நீ ஜன்னல் வழியாக டீயை நீட்டினாய்.

"ஏறுடா."

"மொதல்ல நீ என் வீட்டுல படு."

"இப்ப எங்க படுக்கிறது? ஒன் வீடு ஆயர் குரோவுல இருக்கு. ஏறு."

"மாட்டேன்."

"சரி, நல்லா நனை. டீய மட்டும் மழத்தண்ணி விழாம குடி."

குடித்தேன். பாதி மழை, பாதி டீ. அந்த டீயைவிட நல்ல டீ அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. அது வேறு எரிச்சல்.

பிறகு ஒரு நாள் மார் வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனாய். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் நீ எதையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

உன் கருமாதிச் சாப்பாட்டில் அக்கா அழுதுகொண்டே, "மழ பேஞ்சா எங்க வீட்டுலதான் வந்து படுப்பான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அக்கா வீட்டில் படுத்தாயா? உள்ளேயா? எதிர் இலையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், வடையை மென்றுகொண்டே என்னிடம் திரும்பினார். "ஒன் வீட்டுல ஒரு நாள்கூட படுத்ததில்லையாமே. ஒங்க ரெண்டு பேருக்கும் என்னப்பா தகராறு?"

இலை முன்னால் உட்கார்ந்தபடி எரிந்துகொண்டிருந்தேன் அண்ணே. என்ன பதில் சொல்வது? எனக்கே தெரியாதே. பதில் தெரிந்த ஒரே ஆள் படத்துக்குள் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். அறுபது வருஷம் ஒன்றாகத் தின்று, அடித்துக்கொண்டு, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். கடைசியில் ஊர் கண்டுபிடித்தது, நமக்குள் தகராறு. அதை மறுக்க என்னிடம் ஒரு ராத்திரிகூட இல்லை.

அதோடு விட்டதா? போன வாரம் உன் மகன் போன் பண்ணினான்.

"சித்தப்பா, வேன விக்கப் போறேன். நாசி லெமாக் சோறு விக்கிற ஒருத்தர் கேட்டிருக்காரு. சனிக்கெழம வந்து எடுத்துக்குவாரு."

"ஒங்கம்மா ஓட்டுற வண்டிடா அது."

"அப்பா பக்கத்துல இருந்தாரு, ஓட்டுனாங்க. இனிமே எங்க லா போகப் போறாங்க? வீட்டுல இருக்கட்டும்."

இருக்கட்டுமாம். மலாக்கா முழுக்க வண்டி ஓட்டியவரை சோபாவில் உட்கார வைத்து டிவியைப் போட்டுவிடுவானாம். நான் கத்திய கத்தில் போன் உருகியிருக்க வேண்டும். "ஒங்களுக்குத்தான் அந்த வேனே புடிக்காதே சித்தப்பா" என்றான். அதற்குப் பிறகுதான் பாராங் கத்தியை எடுத்தேன். மரம் என்னைத் தோற்கடித்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பழகிய ஹார்ன் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு ஓடி வந்தார். அண்ணி ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் இரண்டு பெரிய பை பன். கேட்டுக்குள் விட்டு, மரத்தடியில் நிறுத்தி, இறங்கி, தார்ப்பாயின் கயிற்றை அந்த நீல முடிச்சோடு சேர்த்துக் கட்டினார். அதற்குள் அவர் போன் அடித்தது. உன் மகன் கத்துவது எனக்கே கேட்டது.

"அம்மா, எங்கம்மா போனீங்க? அந்த ஆளு வந்து நிக்கிறாரு."

"டீ போட்டுக் குடுத்து அனுப்பு. வேன் விக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு அத்தை வீட்டுக்குப் போறேன், அப்பறம் கடலுக்கு. நீ மறக்காம சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. அதற்குள் என் மனைவி அண்ணியிடம், "அக்கா, ரூம் ரெடியா இருக்கு" என்றாள். அண்ணி, "இருக்கட்டும்மா. நான் என் வீட்டுலயே படுத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். அத்தனை வருஷமாக அடைத்து வைத்தது உடைந்துவிட்டது. "அக்கா வீட்டுல படுத்தவரு என் வீட்டுல ஏன் அண்ணி படுக்கல? நான் என்ன தப்பு பண்ணேன்? ஊரெல்லாம் தகராறுன்னு பேசுது. எனக்கு ஒரு பதில் சொல்லுங்க" என்று கத்தினேன். ரம்புத்தான் பிஞ்செல்லாம் உதிர்ந்திருக்கும்.

அண்ணி கயிற்றை இழுத்து இறுக்கியபடி சொன்னார். "அக்கா வீட்டுக்கு அவரு தம்பியா போனாரு தம்பி, படுத்தாரு. நீங்க அவருக்கு தம்பி. அண்ணன் வீட்டுக்குத்தானே தம்பி வரணும்? அவருக்கு எப்ப சொந்த வீடு இருந்துச்சு? மொதல்ல கம்பெனி குவாட்டர்ஸ், அப்பறம் மவன் வீடு. ஒங்கள ஒரு நாள் வாடான்னு கூப்பிட்டு படுக்க வைக்க முடிஞ்சிச்சா? இதுதான் அவரு வீடு. அத ஒங்க வாசல் வரைக்கும் கொண்டாந்து நிறுத்தி கூப்பிட்டாரு. நீங்க கொடய புடிச்சிகிட்டு நின்னீங்க."

இதைச் சொல்ல உனக்கு என்ன கேடு? ஊரில் உள்ள பூனைக்கெல்லாம் கதை சொல்கிற வாய், என்னிடம் இந்த ஒன்றைச் சொல்லாமல் மூடிக்கொண்டதே. "இது என் வீடுடா" என்று சொல்லியிருந்தால் என் சபதத்தைக் கடலில் எறிந்துவிட்டு ஏறியிருக்க மாட்டேனா?

ஏறினேன். நேற்று. கோபத்தோடு ஏறுகிறவன் குனிவானா? உன் கதவு என் நடு மண்டையில் விழுந்தது. இடி இறங்கிய மாதிரி இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு பலகைக் கட்டிலில் உட்கார்ந்தேன். தேங்காய் பன் வாசனை. அண்ணி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினார்.

"எல்லாரும் மொத தடவ இடிச்சுக்குவாங்க தம்பி. ஒங்களுக்கு கொஞ்சம் லேட்டு."

மத்தியானம் வரை அங்கேயே படுத்திருந்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. வருந்தி வருந்தி அழைத்துவிட்டு, தம்பி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் போகிற அண்ணனை என்னவென்று சொல்வது?

மண்டையில் ரம்புத்தான் கொட்டை அளவுக்குப் புடைத்திருக்கிறது. தெருவில் பலாக்காய் அளவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று அண்ணியின் வேனுக்குப் பின்னால் அக்கா வீட்டுக்குப் புறப்படுகிறோம். கருமாதியில் வடை மென்ற அந்தச் சொந்தக்காரரும் அங்கே வருவாராம். வரட்டும். உனக்கும் உன் அண்ணனுக்கும் என்ன தகராறு என்று கேட்கட்டும். அவர் முன்னால் குனிந்து தலையைக் காட்டுவேன். தொட்டுப் பாருங்கள், எங்கள் அண்ணன் வீட்டில் இடித்துக்கொண்டது என்பேன்.