கறுப்பு சோல்

அப்பா,

இன்று காலை ஸ்பான்சர் அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் புது ஷூவிலிருந்து பசை வாசனை அடித்தது. நீ வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீடு முழுக்க வீசுமே, அதே வாசனை. அறைத்தோழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பெட்டியை மூடவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷம் உழைத்தவன் நீ. மாநில பேட்மின்டன் அணித் தேர்வுக்கு என்னை முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். கடையில் நல்ல ஷூவாக வாங்கலாம் என்றேன். "வெள்ளக்காரன் காலுக்கே நான்தான் ஷூ தைக்கிறேன். என் பொண்ணு கடையில வாங்கறதா? தெருவே சிரிக்கும்" என்றாய். உண்மைதான், நம் தெருவில் யாரும் ஷூவைக் கடையில் வாங்கியதில்லை. அதில் எல்லோருக்கும் ஒரு கர்வம்.

பத்து நாள் உட்கார்ந்து தைத்தாய். மெத்தென்ற வெள்ளைத் தோல், என் பாதத்துக்கென்றே அளவெடுத்தது. ஒரு கொப்புளம்கூட வரவில்லை. வழுக்கவே கூடாது என்று அடியில் மட்டும் பூட்ஸுக்குப் போடுகிற கெட்டி கறுப்பு சோல் வைத்தாய். நான் ஆடிப் பழகியது சிமெண்ட் தரை. பச்சை விரிப்பு போட்ட கோர்ட்டை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

தேர்வன்று நாலு புள்ளிகூட ஆடியிருக்க மாட்டேன். விரிப்பு முழுக்கக் கறுப்புக் கோடுகள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொன்னார். "இன்னாம்மா, ரோடு போட வந்தியா?" என்று யாரோ கேட்க, அரங்கமே சிரித்தது. நீ கேலரியிலிருந்து ஓடிவந்து மண்டியிட்டு, கைக்குட்டையால் கோடுகளைத் துடைத்தாய். போகவில்லை. இன்னொருத்தியின் பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு ஆடித் தோற்றேன். வெளியே வந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினேன்: "இனிமே என் மேட்ச்சுக்கு வராதப்பா. மானம் போவுது."

நீ வரவே இல்லை. அடுத்த வருஷம் தேறினேன். லீக் அணியில் எடுத்தார்கள். ஊர் ஊராகப் பறந்தேன். ஜெயித்தாயா என்று போனில் ஒருநாளும் நீ கேட்டதில்லை. "தரையில கோடு எதுனா விழுதாம்மா?" என்பாய், அவ்வளவுதான். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோதும் அதையே கேட்டாய். "எத்தினி வாட்டி கேப்ப? பேஜாரா இருக்குப்பா" என்று வைத்துவிட்டேன். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம் எனக்கு. முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்து போனை எடுத்தால், நீ போய்விட்டாய் என்று அம்மா அழுகிறாள்.

போன மாதம் ஒரு பேட்டியில், உங்கள் வளர்ச்சிக்கு யார் காரணம் என்று கேட்டார்கள். "அப்பாதான். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கூடவே வருவார்" என்றேன். கூசாமல் சொன்னேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு அறை விட்டிருக்கலாம்.

இந்த மடலில் மன்னிப்பு கேட்கப் போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? ஆனால் எந்த ஊர் கோர்ட்டில் இறங்கினாலும், முதலில் ஷூவை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்க்கிறேன். நான் சாமி கும்பிடுவதாக உடன் ஆடுகிறவர்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். கோடு விழுவதில்லை அப்பா. நிமிர்ந்து கேலரியைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.