மூக்குக்கு வைத்த ஈயம்

ஞாயிறு, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

தம்பி நஸீமின் விமானம் இன்று உப்பளத்துக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றியது. எஞ்சின் பின்னால் இருக்கும் பழங்காலத்து விமானமொன்றின் சின்ன மாதிரி அது. அசலில் முன்னால் உட்காரும் விமானியே பாரம். மாதிரியில் ஆளில்லை, மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். என்னுடையது இரண்டு தடவை விழுந்து நொறுங்கிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

மூக்கில் ஏதும் வைக்க வேண்டுமா என்று காலையில் அவன் கேட்டபோது, "மூக்குக்கு ஒண்டும் தேவல்ல" என்றேன்.

இறக்கியதும் ஓடி வந்து அண்ணனான என்னைக் கட்டிப்பிடித்தான். "நானா, நீங்க மறந்திட்டீங்க போல. ஒங்கட விமானம் விழுந்தத நெனச்சுப் பாத்துத்தான் எனக்கு வெளங்கிச்சு. என்ட வலையில இருந்து எட்டு ஈயக்குண்டு வெட்டி மூக்குல வெச்சேன்."

விடிந்தால் அந்த வலையோடுதான் கடலுக்குப் போவான். ஈயமில்லாத பக்கம் மிதக்கும். என் மேசை லாச்சியில் ஈயக்குண்டுகள் சும்மா கிடக்கின்றன. அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறான். எழும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை.