வெக்ஸ்மூரை விட்டுப் போன கோச்சுக்கு

வெக்ஸ்மூர், இந்தியானா
ஏப்ரல் 11

அன்புள்ள வெண்டலுக்கு,

மார்லா எழுதுவது. நானும் உன் மகள் கோரினும் சுகம். அங்கே புது வேலையும் புது ஊரும் உனக்கு ஒத்துவரும் என்று நம்புகிறேன். காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போன் செய்தால் உன் உதவியாளர் எடுக்கிறார். செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. இதையாவது உட்கார்ந்து படிப்பாய் அல்லவா?

ஊரில் கோபம் இன்னும் ஆறவில்லை. தேசியக் கூடைப்பந்துத் தரவரிசையில் நம் கல்லூரிப் பெயர் முதல் தடவையாக வந்ததும், மார்ச் போட்டியில் அவ்வளவு பெரிய அணியை நாம் கவிழ்த்ததும் எல்லோருக்கும் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது. பந்தலைப் பிரிக்கும் முன்னே மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள். பெட்ரோல் பங்க் லாயிட் கேட்கிறார்: "என்ன மார்லா, இன்னும் இங்கதான் இருக்கியா? பெட்டி கட்டும்போது உன்ன மட்டும் மறந்துட்டானா?" சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

அணி சிதறிவிட்டது. பாதிப் பையன்கள் வேறு கல்லூரிக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரை நீயே கூப்பிட்டுக்கொண்டாய். புதிதாக வந்த கோச் சின்ன வயது, தன் ஆட்களோடு வந்திருக்கிறார். அடுத்த வருடம் நாம் பழையபடி கடைசி வரிசைக்குப் போவோம் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அதெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். இந்தக் கடிதம் டெவாண்டேக்காக.

அவன் முழங்காலில் ஆபரேஷன் முடிந்தது. ஒரு வருடம் ஆட முடியாது, அதற்கப்புறமும் பழைய வேகம் வருமா தெரியாது என்கிறார் டாக்டர். புது கோச் நேராகவே சொல்லிவிட்டாராம்: "தம்பி, உனக்கு இங்க இடம் இல்ல. வேற பாத்துக்க." தெற்கே ஒரு சிறிய கல்லூரி, இந்தக் காலோடு வந்தாலும் பரவாயில்லை, வா என்று கூப்பிட்டது. இவன் மாட்டேன் என்றுவிட்டான். "கோச் கூப்பிடுவாரு, மிஸ் மார்லா. கிளம்புறப்ப தோள்ல கை வச்சு, உன்ன விட மாட்டேன்னு சொன்னாரு" என்கிறான். உன் புது அணியின் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் உதவியாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். இதை நான் எப்படி அவனிடம் சொல்வேன்?

மார்ச்சில் நாம் ஜெயித்த அந்த ஆட்டத்தை நான் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன், வெண்டல். இடைவேளைக்குப் பிறகு அவன் காலை இழுத்துக்கொண்டுதான் ஓடினான். எனக்கே தெரிந்தது. அவனிடம் கேட்டேன். "கோச் கேட்டாரு, முடியுமான்னு. முடியும்னேன்" என்றான். அவ்வளவுதான். உன்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த வெற்றி உன்னை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது அவனுக்கும் தெரியும்.

இப்போது அவன் சாப்பிடுவதில்லை. கால் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமை தன் ஷூ, சட்டை, ஹெட்போன் எல்லாவற்றையும் கூட ஆடிய பையன்களுக்குக் கொடுத்துவிட்டானாம். அவர்களில் ஒருவன் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தான். நான் போய் அவனை நம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மருத்துவரும் வந்து பார்த்தார். தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார். நானும் கோரினும் மாறி மாறி அவனோடு இருக்கிறோம். சீட்டாடுகிறோம், டிவி பார்க்கிறோம். அவன் கண் போன்மேல்தான் இருக்கிறது.

அவன் அம்மா ஒர்லீன், கேரி நகரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். நேற்று போனில் அழவில்லை, கத்தவில்லை. "நான் புள்ளைய காலேஜுக்கு அனுப்பல மார்லா. என் வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்து ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னாரே உன் வீட்டுக்காரரு, அவர நம்பித்தான் அனுப்பினேன்" என்றாள்.

உனக்கும் அங்கே கத்தி தலைக்குமேல் தொங்குகிறது, தெரியும். பழைய பெருமையை மீட்கச் சொல்லி உனக்கு முன்னால் மூன்று பேரைக் கொண்டுவந்து, மூன்று பேரையும் துரத்தியவர்கள் அந்தப் பெரிய கல்லூரிக்காரர்கள். நீ தூங்குகிறாயோ என்னவோ. ஆனாலும் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அவனைக் கூப்பிடு. இடம் இல்லை என்றால் இல்லை என்று உன் வாயாலேயே சொல். காத்திருப்புதான் அவனைக் கொல்கிறது.

உன்
மார்லா

*

வெக்ஸ்மூர்
மே 3

வெண்டலுக்கு,

நீ கூப்பிட்டாய். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

போன் வந்ததும் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டான். ஒர்லீன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேசினாய் என்று பிறகு அவனே சொன்னான். அணியில் இடமில்லை, வேண்டுமானால் துண்டு, தண்ணீர் எடுத்துக்கொடுக்கும் பையன்களோடு சேர்த்துக்கொள்கிறேன் என்றாயாம். அதற்கு அவன் வருத்தப்படவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். போனை வைத்த பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டான்: "மிஸ் மார்லா, கோச் ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் 'சாம்ப், சாம்ப்'னுதான் கூப்பிட்டாரு. என் பேரு மறந்துபோச்சா அவருக்கு?"

இருபது வருடமாக உன்னோடு இருக்கிறேன். பெயர் நினைவில்லாதவர்களைத்தான் நீ சாம்பியன் என்பதைச் சுருக்கி சாம்ப் என்பாய். பாதிரியாரிலிருந்து பால்காரர் வரை. நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. "ஆமாம்ப்பா, மறந்துதான் போயிருப்பார்" என்றேன். ஒர்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வெகுநேரம் அழுதான். பெரிய உடம்பு, சோபாவே குலுங்கியது. அழுது முடித்து, பசிக்கிறது என்றான். மூன்று பேருக்கு வைத்த மக்ரோனியை ஒருவனே சாப்பிட்டான்.

மறுநாள் தாயும் பிள்ளையும் ஊருக்குக் கிளம்பினார்கள். அங்கே வாராவாரம் டாக்டரிடம் போகிறான். மனதுக்குத் தனி, காலுக்குத் தனி. அந்தச் சிறிய கல்லூரியிடம் அவனே மறுபடி பேசினான். இன்னும் இடம் இருக்கிறதாம். இன்னும் சில நாள் அவன் சிரிக்கமாட்டான், ஆனால் தப்பித்துவிட்டான் என்று ஒர்லீன் சொன்னாள்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. உன் புது அணியின் நிறத்தில் எனக்கும் கோரினுக்கும் இரண்டு சட்டை. அளவு சரியாகத்தான் இருக்கிறது. வீடு பார்த்துவிட்டதாகவும், ஜூனில் சாமான் ஏற்ற லாரி அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். லாரி வேண்டாம். அடுத்த வருடமும் இங்கேயே பாடம் நடத்துவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டேன். அதற்குமேல் இப்போது என்னைக் கேட்காதே.

உன் அணி ஜெயிக்க வேண்டும் என்று மனதாரக் கும்பிடுகிறேன். உன்னையும் அவர்கள் துரத்திவிடக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு. ரத்த அழுத்த மாத்திரையை விடாதே.

ஒன்றே ஒன்று. போன வாரம் போனில் கோரினையும் நீ சாம்ப் என்று கூப்பிட்டாயாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளைக் கூப்பிடு. பேர் சொல்லிக் கூப்பிடு.

மார்லா